மகளைக் கொன்றவரோடு உறவு கூடாது

சீக்கியத்தில் பெண்ணின் இடம் பற்றிப் பேச அழைத்தீர்கள். வழக்கமாகச் சொல்லப்படுபவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்ணை இழிவாகப் பேசுவதை குருநானக் கேள்வி கேட்டார். குரு அமர்தாஸ் உடன்கட்டை ஏறுவதையும் முக்காட்டையும் எதிர்த்தார். 1705இல் மாய் பாகோ முக்த்சரில் போரிட்டார். எல்லாம் பெருமைக்குரியவைதான். நான் பேச வந்தது ஒரு வசைச்சொல்லைப் பற்றி: 'குரிமார்'. பஞ்சாபியில், மகளைக் கொல்பவர்.

குரிமாரோடு உறவு வைக்கக்கூடாது என்பது கால்சாவின் பழைய ஒழுக்கவிதி. விதி போட வேண்டியிருந்தது என்றால் வழக்கம் இருந்திருக்கிறது. 1850களின் ஆங்கிலேய ஆவணங்களில் இந்தப் பெயர் யாருக்கு ஒட்டியிருக்கிறது தெரியுமா? நானக் பிறந்த பேடி குலத்துக்கே! (தங்கள் நிலவரியின் கொடுமையை விட்டுவிட்டு அதிகாரிகள் இதை விரிவாக எழுதினார்கள் என்பது வேறு கதை.) குருவின் குலம் என்ற உயர்வு வந்துவிட்டது. பெண் கொடுக்க மேலே வீடு இல்லை. கீழே கொடுத்தால் மானம் போய்விடும். ஆகவே மகளே வேண்டாம்.

அகமணம்தான் சாதியின் உயிர், அதைக் காக்கவே உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் வந்தன என்று 1916இல் அம்பேத்கர் எழுதினார். அந்தப் பட்டியலில் பெண்சிசுக்கொலை இல்லை. பஞ்சாபை வைத்து நான் அதைச் சேர்க்கிறேன்.

இது பழங்கதையல்ல. 2001 கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட சீக்கியக் குழந்தைகளில் 1000 ஆணுக்கு 786 பெண்கள்தான். மதவாரியாகப் பார்த்தால் நாட்டிலேயே மிகக் குறைவு. குலப்பெருமையோடு நிலமும் சேர்ந்துகொண்டது. சட்டப்படி மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் நிலமுள்ள ஜாட் குடும்பங்களில் பங்கைச் சகோதரனுக்கு விட்டுக்கொடுப்பவள்தான் நல்ல மகள்.

நிலமே இல்லாத வீட்டுப் பெண்? அவள் பெயரிலும் 'கவுர்' இருக்கிறது. மாட்டுக்குப் புல்லறுக்க ஜாட் வரப்பில் கால்வைத்தால் வசவும் சீண்டலும்தான் கிடைக்கும். பஞ்சாயத்துப் பொதுநிலத்தில் மூன்றிலொரு பங்கு பட்டியல் சாதியினருக்கு என்று சட்டம் சொல்கிறது. ஏலத்தில் பினாமி வைத்து அதையும் ஆதிக்கச் சாதியினரே எடுத்துவந்தார்கள். 2014இல் சங்ரூர் மாவட்டம் பலத் கலானில் தலித் மக்கள் தடியடியைத் தாண்டி அந்தப் பங்கை மீட்டுக் கூட்டாகப் பயிரிட்டார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். அவர்கள் கேட்டது நெல்லுக்கும் கோதுமைக்கும் மட்டுமல்ல, யார் வசவும் இல்லாமல் புல்லறுக்க ஓர் இடம்.