14 ஆண்டுக் கரும்பு



‘ஆராய்ச்சியில் அரசு முதலீடு’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். ராக்கெட்டைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கரும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் நம் கோவைக் கரும்பு.

1912-இல் கரும்பு ஆராய்ச்சிக்கென்று இங்கே ஒரு நிலையத்தை அன்றைய அரசு தொடங்கியது. கரும்பு மிகுதியாக விளைந்ததோ வடக்கே. பிறகு ஏன் கோவை? அங்கே கரும்பு சரியாகப் பூக்காது. பூக்காத பயிரை எப்படிக் கலப்பது? நம் ஊர்க் காற்றுக்கு அது தாராளமாகக் கதிர் விட்டது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் நம் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்பை நாணலோடு சேர்த்தார்கள். ஆமாம், கரையோரம் கேட்பாரற்று வளரும் அதே நாணல்! பிழிந்தால் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் எந்தச் சீமையிலும் தாக்குப்பிடிக்கும். அப்படிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. அதன் தம்பி தங்கைகள் வடநாடெங்கும் பரவின. ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்கிய நாடு இது. இறக்குமதிச் சர்க்கரைக்கு 1932-இல் வந்த பாதுகாப்பு வரியும் கைகொடுக்க, இங்கேயே ஆலைகள் பெருகின. வரி போட்டது மட்டும் போதுமா? ஆலைக்குக் கரும்பு வேண்டாமா?

கரும்பைக் கலக்கும் அந்த வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? கரும்பு பூக்கும் பருவத்தில் விடியற்காலையிலேயே ஆட்கள் வயலில் இருப்பார்கள். ஆண் கதிரை வெட்டி வந்து பெண் கதிருக்கு மேலே நிறுத்துவார்கள். மகரந்தம் கீழே உதிரும். வேறு தூள் கலந்துவிடாமல் சுற்றித் துணிக்கூண்டு. கிடைக்கிற விதை பஞ்சோடு பஞ்சாக இருக்கும், ஊதினால் போய்விடும். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேறுவது ஒன்றோ இரண்டோ. எந்தக் கதிர் எப்போது பக்குவம் என்று பார்த்ததும் சொல்லும் கண் இருக்கிறதே, அது மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பில் வருகிற திறன் அல்ல. திறன் மேம்பாடு என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நம் விவசாயிகள் நட்டுக்கொண்டிருக்கும் கோ 86032 இருக்கிறதே, அதன் பெயரில் உள்ள 86, 1986-ஆம் ஆண்டைக் குறிப்பது. ரகமாக வெளியானது 2000-இல். 14 ஆண்டு! அதற்குள் நாட்டில் ஐந்து மக்களவைத் தேர்தல் முடிந்துவிட்டது. எந்த முதலாளி இத்தனை காலம் பொறுப்பார்? அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு மாதாமாதம் வட்டி ஓடுகிறது. பொறுக்கக்கூடிய கை அரசின் கை ஒன்றுதான்.

பொறுமை மட்டும் போதாது, லாபம் பாராத மனமும் வேண்டும். 1930-களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இதே நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தார். அதில் யாருக்கு லாபம் என்று அன்று கேட்டிருந்தால் தாவரங்களின் உறவுமுறை பற்றி நமக்குத் தெரிந்தது அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். 2025-இல் ஒன்றிய அரசு ஆராய்ச்சிக்கென்று 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் தனியார் துறைக்கு நீண்டகாலக் கடனாகப் போகிற பணம். ஜானகி அம்மாள் செய்த சோதனைக்கு யாராவது கடன் வாங்குவார்களா? நாட்டின் மொத்த உற்பத்தியில் நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 1 சதவீதம்கூட இல்லை. தென்கொரியா ஏறத்தாழ 5 சதவீதம் செலவிடுகிறது.

ஒருமுறை செலவழித்தால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. இந்நிலையத்தின் கர்னால் கிளை தந்த கோ 0238 உத்தரப் பிரதேசத்தில் ஓகோவென்று பரவியது. இப்போது செவ்வழுகல் நோய் அதைத் தின்கிறது. மாற்று ரகம் வேண்டுமென்றால் அதற்கான கலப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

மேடையில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறீர்கள். அடிக்கல் நாட்ட உங்களை அழைக்கவில்லை, கட்டடம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு ஆண்டு கை நீட்டவிடாமல் பத்தாண்டுக்குச் சேர்த்து நிதி ஒதுக்குங்கள் என்று அவையில் கேளுங்கள். கதிரின் பக்குவம் அறிந்தவர் ஓய்வுபெற்றுப் போவதற்கு முன்பே, பக்கத்தில் நின்று தொழில் பழக ஓர் இளைஞனை நியமிக்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் கேட்போம்.