காலடியைப் போன் எண்ணும், கூட நடப்பது யார்?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)

 

கம்பியூட்டர் படித்த நம்ம தோட்டத்துத் தம்பிமார் சிலர் எங்களிடம் வந்தார்கள். ஆட்கள் நடக்கிற காலடியை எண்ணி, ஒருவரையொருவர் உற்சாகப்படுத்துகிற மாதிரி ஒரு போன் செயலி செய்யப் போகிறோம், அதில் என்ன வைக்கலாம் என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை உங்களிடமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாவிக்கப் போவது நீங்கள்.

"மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிறவங்களுக்கு இன்னும் என்ன நடை?" என்று சிலர் சிரிக்கலாம். நியாயம்தான். அவங்களுக்குத் தேவை ஓய்வு. சிக்கல் வேலையிலிருந்து நின்ற பிறகுதான் வருகிறது. முப்பது வருசம் மலையில் நடந்த அம்மா, கூடையை இறக்கி வைத்த மறு வாரமே லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாடு மட்டும் அதே ரொட்டி, அதே சீனி போட்ட தேத்தண்ணி. பிறகு டிஸ்பென்சரியில் சீனி வியாதி, பிரஷர் என்று துண்டு எழுதி, நடக்கச் சொல்கிறார்கள். தனியாக நடந்தால், "வேலை வெட்டி இல்லாம ரோட்டளக்குது" என்று பேச்சு வரும். அதோடு நடை நின்றுவிடும். நாலு பேராகப் போனால் அந்தப் பேச்சு எடுபடாது.

2006ஆம் ஆண்டு சனி கொன்சொல்வோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 'ஹியூஸ்டன்' என்ற போன் செயலியை 13 பெண்களிடம் கொடுத்து மூன்று வாரம் பார்த்தார்கள். சிநேகிதிகள் தங்கள் காலடிக் கணக்கை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அதில் தெரிந்த முக்கியமான விசயம், செய்த உழைப்புக்குச் சரியான கணக்குக் கிடைக்க வேண்டும் என்பது. நமக்கு இது நன்றாகப் பொருந்தும். விறகுக் கட்டோடு ஏற்றம் ஏறினாலும் வெறுங்கையோடு இறங்கினாலும் போனுக்கு அது காலடிதான். மரக்கறிப் பாத்தி கொத்தினால் கணக்கே இல்லை. ஆகவே "இன்றைக்கு விறகு சுமந்தேன்" என்று அமத்த ஒரு பட்டன் வேண்டும். எழுத்துத் தெரியாத ஆச்சியும் பாவிக்கும்படி படமும் குரலும் வேண்டும்.

அதே வருசம் 'ஃபிஷ் அன் ஸ்டெப்ஸ்' என்று ஒன்று வந்தது. நடந்தால் திரையில் மீன் வளரும், நடை குறைந்தால் மீன் முகம் வாடும். மீன் வாடியிருந்தபோது சிலர் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்களாம். நம்ம ஆட்களும் அப்படித்தான் செய்வார்கள். தம்பிமார் முதலாவது யார், கடைசி யார் என்று பட்டியல் போட நினைத்திருந்தார்கள். வேண்டாம் என்றோம். தராசடியில் கிலோக் கணக்கால் காலமெல்லாம் அளக்கப்பட்டவர்களை, நின்ற பிறகும் அளக்கவா? இந்த லயத்து ஆட்கள் சேர்ந்து இவ்வளவு நடந்தார்கள் என்ற ஒரே கணக்குப் போதும். இரண்டு நாள் ஒருவர் வராவிட்டால், "அக்காவை ஒருக்காப் போய்ப் பாருங்க" என்று கூட நடப்பவருக்கு ஒரு செய்தி போனால் நல்லது.

பத்தாயிரம் காலடி என்று பயப்படாதீர்கள். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவிய கணக்கு. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வளர்ந்தவர்களுக்குச் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. நாளுக்கு அரை மணி, ஐந்து நாள் நடந்தால் வந்துவிடும். அதற்குக் குறைந்தாலும் சும்மா இருப்பதைவிட மேல்.

பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான், அதுவும் மகன் கையில். ஆகவே ஒரே போனில் நாலு பேரைப் பதிய வசதி வேண்டும். ஒருவருடைய சீனிக் கணக்கு மற்றவருக்குத் தெரியக் கூடாது. ஆள் எங்கே நிற்கிறார் என்று காட்டுவதும் வேண்டாம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதனால் தொல்லைதான்.

செயலி வரும்வரை நடைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பனி விலகியதும் பிள்ளைக்காம்பரா வாசலிலிருந்து கோயிலடி வரை போவோம். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரவேண்டாம். மடியில் இரண்டு டொபி இருக்கட்டும். செருப்புப் போடுங்க, வீட்டுக்கு வந்து பாதத்தில் காயம் உண்டா என்று பாருங்க. நெஞ்சு இறுக்கினால் உடனே நின்று பக்கத்தில் வருபவரிடம் சொல்லுங்க. பேர் கொடுக்கிறவங்க பிள்ளைக்காம்பரா அம்மாவிடம் கொடுங்க. மழை பெய்தால் அடுத்த ஞாயிறு.