லாரிக்குள் ஒரு பாட்டுப் பெட்டி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"படித்த படிப்பு எங்கே உதவியது என்று கொஞ்சம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சூலக்கரை மேட்டில், நாற்கரச் சாலையை ஒட்டி எனக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. முன்பு ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை என்று சொன்னோமே, இப்போது 44, அந்தச் சாலைதான். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் போகிற லாரிகள் நம் வாசலில்தான் போயாக வேண்டும். அந்த வண்டிகளுக்குப் பாட்டுப் பெட்டி செய்து கொடுப்பது என் தொழில். "இயற்பியல் படிச்சிட்டு பெட்டியா அடிக்கிற?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். இயற்பியல் படித்ததால்தான் பெட்டி அடிக்கிறேன் என்பதே என் பதில்.

சப்வூஃபர் என்பது தவில், உறுமி, பேஸ் கிட்டார் போன்றவற்றின் அடிக்குரலை மட்டும் தருகிற பெரிய ஸ்பீக்கர். அதைப் பெட்டி இல்லாமல் வெறுமனே கையில் பிடித்துப் பாட வைத்தால் சத்தமே இருக்காது. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதனால் முன்னலையும் பின்னலையும் சுலபமாகச் சுற்றி வந்து சேர்ந்துகொள்கின்றன. பின்னலையைச் சிறை வைப்பதுதான் பெட்டியின் முதல் வேலை.

இரண்டாவது வேலை, உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி நின்று கூம்பைப் பிடித்து நிறுத்துவது. 1954ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் இந்தக் காற்று ஸ்பிரிங்கை நம்பித்தான் சிறிய பெட்டியில் பெரிய ஒலியைக் கொண்டுவந்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் இதை முழுக் கணக்காகவே ஆக்கிவிட்டார்கள். இன்று நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் கூடவே வரும் தாளில் அவர்கள் பெயரில் அந்த எண்கள் இருக்கும். பலர் அந்தத் தாளில் திருகாணியை மடித்து வைக்கிறார்கள்! மாணவர்களே, அந்தத் தாள்தான் முக்கியம்.

பெட்டியில் துளை வைத்தால் அது வேறு வகை. மானாமதுரைக் கடத்தின் வாயில் ஊதிப் பார்த்திருப்பீர்கள்; ஒரு குறிப்பிட்ட சுருதியில் அது முழங்கும். துளைப் பெட்டியும் அப்படித்தான். சத்தம் கூடும்; ஆனால் பெட்டி பெரிதாகும். இங்கேதான் ஒரு வழக்கு வந்தது.

ஒரு லாரிக்காரத் தம்பி, சொந்த வண்டி, வடநாட்டு ஓட்டம் ஓடுகிறவர், பட்டறைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, பன்னெண்டு இஞ்சு ஸ்பீக்கர் ரெண்டு போடுங்க. துளைப் பெட்டி. இடம் பத்தலன்னா பின்னாடி இருக்கிற பெர்த்த எடுத்துருவோம்."

"பெர்த்த எடுத்துட்டா மாத்து டிரைவர் எங்கப்பா தூங்குவாரு?"

"இந்தச் சத்தத்துல தூக்கமே வராது அண்ணாச்சி."

"பாட்டு அலுப்பப் போக்கும் தம்பி. தூக்கத்துக்கு மாத்து தூக்கம்தான். பெர்த்த எடுக்கிற வேலை நான் செய்ய மாட்டேன்."

அவர் எழுந்து போய்விட்டார். நல்ல தொகை வரக்கூடிய வேலை. என் கடைப் பையனுக்கு முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவரே மாற்று ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் ஐம்பது வயதுக்காரர். "அண்ணாச்சி சொல்றபடியே செய்யட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பத்து இஞ்சு ஸ்பீக்கர் ஒன்று. துளையில்லாத அடைத்த பெட்டி. பெர்த்துக்கு அடியில் ஒன்றரை அடி உயரம் இருந்தது. அதற்குள் நிற்கிற மாதிரி வெளி அளவு 50 சென்டிமீட்டர் நீளம், 40 உயரம், 24 ஆழம். பலகை 18 மில்லிமீட்டர். இருபக்கப் பலகையையும் கழித்தால் உள்ளளவு 46.4, 36.4, 20.4, பெருக்கினால் 34 லிட்டருக்குச் சற்று மேல். ஸ்பீக்கரின் பின்பகுதிக்கும் உள் தாங்கலுக்கும் 4 லிட்டர் போக, 30 லிட்டர் நிற்கும். அந்த ஸ்பீக்கரின் தாளில் கியூ எண் 0.5, சமானக் காற்றளவு 30 லிட்டர். 30ஐ 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.5ஆல் பெருக்குங்கள்: 0.707. தொளதொளப்பும் இல்லாமல் விறைப்பும் இல்லாமல் ஒலி நிற்கிற இடம் அது.

அடைத்த பெட்டியில் ஆழ்ந்த ஒலி குறையுமே என்று கேட்கலாம். அதைக் கேபின் ஈடுகட்டும். அறையின் நீளம் அரை அலைநீளத்தைவிடக் குறைந்தால், ஒலி அலையாக ஓடாமல் உள்ளிருக்கும் காற்று முழுவதையும் சேர்த்து அழுத்தும். 2.2 மீட்டர் அகலக் கேபினில் இது 78 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்குகிறது. பெட்டி கைவிடுகிற இடத்தில் கேபின் தூக்கிவிடுகிறது. ஆய்வகத்தில் அனுநாதக் குழாயில் தண்ணீரை ஏற்றி இறக்கினோமே, அதன் தம்பிதான் இது.

பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள தண்ணீர் தாங்கும் பிளைவுட்தான். அழுத்திய மரத்தூள் பலகை வீட்டுக்குச் சரி. மழைத்தண்ணீர் பட்டால் ஊதிவிடும். மூட்டுகளில் பசை, திருகு, உள்ளே சிலிகான். சிலிகான் ஒரு நாள் காய்ந்த பிறகே ஸ்பீக்கர் ஏற வேண்டும். பட்டறையிலேயே 30 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்து, மூட்டு ஓரமாக ஊதுபத்தியை நகர்த்துவோம். புகை துடித்தால் அங்கே ஓட்டை.

இனி மின்சாரம். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட். ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டியது 12. பல இடங்களில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயரை இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரி என்றும் அரைவயிறாக இருக்கும். மற்றது அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும். இரண்டும் சீக்கிரம் போய்விடும். 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் வைப்பதே முறை. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அல்ல, வயரை. வழியில் வயர் உரசித் தோல் உரிந்தால் அதுதான் தீயை நிறுத்தும். அந்தத் தம்பி எப்போதாவது சிவகாசி லோடும் ஏற்றுவேன் என்றார். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேட்டரி அருகிலேயே தனி சுவிட்ச் வைத்து, "பட்டாசு லோடுன்னா இது அணைஞ்சிருக்கணும். பாட்டு வேண்டாம்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.

பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்து 15 கிலோ. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், இந்தப் பெட்டி 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லுக்குச் சமம். அதனால் நான்கு மூலையிலும் இரும்புக் கோணம், தரையோடு போல்ட்டு.

கடைசியாகச் சத்தம். பட்டாசுக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல் என்று 1999லேயே சட்டம் வரம்பு வைத்தது. வெடி ஒரு நொடி. ஓட்டுநர் காதோ பத்து மணி நேரம் கேபினுக்குள் இருக்கிறது. தொழில் பாதுகாப்புக் கணக்கில் 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம். 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100க்கு வெறும் கால் மணி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகிவிட்டது. கண்ணாடி மூடியிருந்தால் குறைந்த சத்தமே போதும். ஆனால் பின்னால் வருகிறவனின் ஹாரனும் காதில் விழ வேண்டுமே! ஆம்ப்ளிஃபயரின் அளவுத் திருகை அதற்கேற்ப நிறுத்தி, ஒரு சொட்டு பெயிண்ட் வைத்துவிடுவேன்.

மாணவச் செல்வங்களே, கணக்கு தெரிந்தவனுக்கு மட்டுமே "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் வரும். கேட்டதையெல்லாம் செய்பவன் வியாபாரி. எதைச் செய்யக்கூடாது என்று அறிந்தவன்தான் தொழிலாளி. அந்தக் கணக்கை இந்த வகுப்பறைகள் எனக்குக் கொடுத்தன. உங்களுக்கும் கொடுக்கும்.