ராஜினாமாவுக்குப் பிறகு வரும் சம்பள உயர்வு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

வேலை தேடுவது எப்படி என்று சொல்ல இங்கே பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வேலையை விடுகிற நாளைப் பற்றி. ராஜினாமா கடிதத்தை நீட்டுகிறீர்கள். "உட்காருப்பா, அங்கே எவ்வளவு தர்றாங்க? அதை நாங்களே தர்றோம்" என்கிறார் மேனேஜர். இதற்குப் பெயர்தான் கவுன்ட்டர் ஆஃபர்.

நம் பக்கத்தில் இது சகஜம். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட்கள் ஏராளம். பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டைக்குப் போனால், 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து பெரிய கம்பெனிகள் வரிசையாக வந்துவிட்டன. ஐம்பது பேர் வேலை செய்கிற யூனிட்டில் சி.என்.சி. புரோகிராம், ஜிக், கஸ்டமர் ஆடிட் எல்லாம் ஒரே இன்ஜினீயர் தலையில். அவர் போனால் அடுத்த மாச டெஸ்பாட்ச் தடுமாறும். அப்படியானால் கூட்டித் தரும் சம்பளம் உங்களுக்கா, அந்த டெஸ்பாட்சுக்கா? முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கும் இந்த அழைப்பு வந்தது. முதலாளி நல்ல மனுஷர். ஆனால் ஆறு வருஷமாக ஒரே மாதிரி பாகம்தான் செய்துகொண்டிருந்தேன்; டிசைன் பக்கம் போக ஆசை. "சார், சம்பளம் சரி. திங்கட்கிழமை வந்து நான் என்ன வேலை செய்யப் போறேன்?" என்று கேட்டேன். "இதே வேலைதாம்ப்பா" என்றார். மறைக்காமல் சொன்னாரே, அதற்கு இன்றும் நன்றி. நோட்டீஸ் காலம் முழுக்க இருந்து, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆவடியில் இருந்த என் வகுப்புத் தோழருக்கோ சம்பளம் ஒன்றுதான் குறை. அப்பாவின் வைத்தியச் செலவு வேறு. அவர் ஏற்றுக்கொண்டு அங்கேயே தங்கினார். இன்று பிளான்ட் மேனேஜர். இருவர் முடிவும் சரிதான். ஏன் கிளம்பினோம் என்பதற்குக் கிடைத்த பதில்தான் வேறு.

தங்குவதென்றால் மூன்று காரியம். ஒன்று, உயர்வு எந்தத் தலைப்பில் என்று பாருங்கள். பேசிக்கில் ஏறினால் கிராஜுவிட்டியும் சேர்ந்து ஏறும். 'ஒருமுறை ஊக்கத்தொகை' என்றால் அந்த மாசத்தோடு சரி.

இரண்டு, ராஜினாமா வாபஸ் ஏற்கப்பட்டது, சர்வீஸ் தொடர்கிறது என்று கடிதம் வாங்குங்கள். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, 1977 ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக எழுதிக் கொடுத்து, ஜூலையிலேயே வாபஸ் பெற்றார். அது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம், 1978-ல். ஆனால் அது அரசியல் சட்டப் பதவி. நம் ராஜினாமாவில் 'ஏற்கப்பட்டது' என்று கையெழுத்து விழுந்த பிறகு வாய்ப்பேச்சு உதவாது. நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி கிடைக்கப் பொதுவாக ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மூன்று, வேலை தருகிறேன் என்ற கம்பெனிக்கு அன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக இன்னொருவரை வேண்டாம் என்றிருப்பார்கள். அந்த இன்னொருவர் நம் கல்லூரித் தம்பியாகவும் இருக்கலாம்.