அயலவர் சொல்வதை எல்லாம் நம்பும் ரவுட்டர்



இணைய சேவை நிறுவனங்களுக்கு ரவுட்டர்களை அமைத்துக் கொடுப்பது என் தொழில். இத்துறையில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம், “அண்ணை, பிஜிபி வேலை செய்கிறது. இனி என்ன இருக்கிறது?” என்று கேட்பார்கள். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் என்பேன்.

இணையம் என்பது பல்லாயிரம் தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. “இந்த முகவரிகள் என் பக்கம் இருக்கின்றன” என்று ஒன்று அடுத்ததற்குச் சொல்ல, அது தன் அயலுக்குச் சொல்லும். 1989ல் உருவான பிஜிபிதான் இதற்கான நெறிமுறை. அதற்கு ஒரு குணம் உண்டு. நாம் தடுக்காவிட்டால், அயலவர் சொல்வதை அப்படியே நம்பிவிடும்.

2008 பெப்ரவரி 24ஆம் திகதி நடந்ததைப் பாருங்கள். யூடியூபை நாட்டுக்குள் தடுக்கும்படி பாகிஸ்தானில் உத்தரவு. பாகிஸ்தான் டெலிகொம் அதற்காக அமைத்த வழி, நாட்டுக்கு வெளியேயும் கசிந்தது. ஹொங்கொங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் அதைத் தடுக்காமல் உலகத்துக்கு அனுப்பியது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை.

ஏன் எல்லா ரவுட்டர்களும் பொய்யான வழியைத் தேர்ந்தெடுத்தன? யூடியூப் அறிவித்தது 1024 முகவரிகள் கொண்ட தொகுதி. பாகிஸ்தானிலிருந்து வந்தது அதற்குள் அடங்கிய 256 மட்டும். தபால் கந்தோரில் ஒருவர், “யாழ்ப்பாணக் கடிதங்களை என்னிடம் தாருங்கள்” என்கிறார். இன்னொருவர், “கந்தர்மடக் கடிதங்களை என்னிடம் தாருங்கள்” என்கிறார். கந்தர்மடக் கடிதம் இரண்டாமவரிடம்தானே போகும்? குறுகிய முகவரிக்கே முதலிடம் என்பது ரவுட்டரின் விதி.

ஆகவே, பிஜிபி இணைப்பைத் திறக்கும்முன் நான் மூன்று காவல்களைப் போடுவேன்.

முதலாவது, வடிகட்டிப் பட்டியல். வாடிக்கையாளருக்கு உரிய முகவரிகளை மட்டும் எழுதி, மற்ற அனைத்தையும் மறுப்பது. அன்று பிசிசிடபிள்யூவில் இது ஒன்று இருந்திருந்தால் போதும்.

இரண்டாவது, எண்ணிக்கை வரம்பு. வழக்கமாக 50 வழிகள் தரும் அயலவருக்கு 100 என்று வரம்பு வைத்தால், திடீரென ஆயிரக்கணக்கில் கொட்டும்போது இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். 2008இல் போல ஒரேயொரு தவறான வழி வந்தால் இது உதவாது. அதனால்தான் வடிகட்டியும் வேண்டும்.

மூன்றாவது, ஆர்பிகேஐ. எந்த முகவரியை எந்த வலையமைப்பு அறிவிக்கலாம் என்று அதன் உரிமையாளர் கையெழுத்திட்டு வைப்பார். ரவுட்டர் அதனுடன் ஒப்பிட்டு, பொருந்தாததை நிராகரிக்கும். ஆனால் தொடங்கிய இடம் சரியா என்று மட்டுமே இது பார்க்கும், இடைவழியைப் பார்க்காது.

2017இல் வந்த ஒரு நியமம், வடிகட்டும் கொள்கை எழுதப்படாத வெளி இணைப்பில் எந்த வழியையும் ஏற்கவோ அனுப்பவோ கூடாது என்கிறது. ஆனாலும் எல்லாக் கருவிகளும் அப்படி நடப்பதில்லை. உங்கள் ரவுட்டர் எப்படி என்று முதலில் பரிசோதியுங்கள்.

பிள்ளைகளே, இந்தக் காவல்கள் வேகத்தைக் கூட்டாது; யாரும் பாராட்டவும் மாட்டார்கள். ஆனால் ஊரிலிருக்கும் அம்மாவுடன் ஒருவர் கதைக்கும் அழைப்பும் இந்த வழிகளில்தான் போகிறது. அதை மனதில் வைத்து எழுதுங்கள்.