மாவிட்டபுரத்து வாயிலும் வவுனியாவின் கடனும்



அமெரிக்க நாட்டு மொன்ற்கொமரி நகரத்துக் கறுப்பின மக்கள், பஸ்ஸிலே தமக்கு விதிக்கப்பட்ட இழிவைப் பொறாது, 1955 டிசெம்பர் தொடங்கி 381 நாட்கள் நடந்தே தொழிலுக்குப் போனதையும், ஈற்றில் நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்ததையும் நாம் மேடைதோறும் வியந்து பேசுகிறோம், அது தகும். ஆயினும் நமது வடபுலத்தில் சாதியால் விலக்கப்பட்டோர் நடத்திய ஆலயப் பிரவேசத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது மட்டும் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. இன்று அதைத் தாழ்த்தாமல் பேச விரும்புகிறேன்.

சாதியின் பெயரால் தேநீர்க்கடையில் ஒருவருக்குப் பேணியும் மற்றொருவருக்குப் போத்தலும், ஒருவருக்கு வாங்கும் மற்றொருவருக்கு நிலமும் என்று வகுத்திருந்த வழக்கத்தைக் குற்றமென்று விதித்தது, 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். சட்டம் பிறந்தது, கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தினர் பொலிஸாரின் தடியடியைத் தாங்கினர். சங்கானைப் பக்கத்தில் இரத்தமும் சிந்தியது. அதை மறைத்துப் பேசுவது அந்த மக்களுக்கு நாம் செய்யும் இரண்டாவது அநீதி.

1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலுக்கு ஒடுக்கப்பட்ட அந்த மக்கள் வந்தபோது, முருகனை வழிபட வந்த அடியார்களாகவே வந்தார்கள். மறிக்கப்பட்டார்கள், மறுபடியும் வந்தார்கள். எந்தச் சைவத்தின் பெயரால் அவர்களைத் தடுத்தார்களோ, அந்தச் சைவத்தின் மெய்யான சொரூபம் அன்று வாயிலுக்கு வெளியேதான் நின்றது என்பது என் துணிபு.

அவர்களை மறித்து நின்றோருக்குத் தலைமை வகித்தவர் யார்? 1947இல் இந்த வவுனியாத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பிய பேரறிஞர், கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் அவர்களே. இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையை ஒட்டி 1948இல் அமைச்சர் பதவியையே துறந்த நெஞ்சுரம் படைத்தவர் அவர். அந்தத் தியாகத்தை மறுப்பவன் நன்றி கொன்றவன். தோட்டத் தொழிலாளியின் துயரம் கண்ட அந்தக் கண், தன் ஊருக்கு அயலிலேயே வாழ்ந்தவனின் துயரத்தைக் காணாது போனதை எண்ணுந்தோறும் என் மனம் கனக்கிறது. கல்வியும் துணிவும் தேசாபிமானமும் ஒருங்கே வாய்த்தவரிடத்தும் சாதி குடிகொண்டிருக்கும் என்றால், நம்மைப் போன்றவர்கள் தம்மை எத்தனை முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்!

அவர்மீது அந்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே வழக்குத் தொடரப்பட்டது. அவர் குற்றவாளியெனக் காணப்பட்டார். இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை மேன்முறையீடு செய்தார். 1971இல் அங்கும் அது தள்ளப்பட்டது. ஏட்டிலே பதினொரு ஆண்டுகள் உறங்கிய சட்டத்தை எழுப்பி நீதிமன்றத்துக்கு நடத்திச் சென்றவை, வெய்யிலிலே வாயிலில் நின்ற அந்தப் பாதங்களே.

மொன்ற்கொமரியில் ஆசனத்தை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரின் பெயரை நம் பிள்ளைகள் அறிவார்கள். மாவிட்டபுரத்தில் நின்றவர்களில் ஒருவரது பெயரையேனும் அவர்கள் அறிவார்களா? ஆகையால் இச்சபையிடம் ஒரே விண்ணப்பம். மாவிட்டபுர வழக்கின் தீர்ப்பைத் தமிழிலே பெயர்த்து, அன்று வாயிலில் நின்றோரில் இன்றும் உயிரோடிருப்பவர்களின் வாய்மொழியையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதிச் சேர்த்து, நம் நகரத்து நூலகத்திலே வைக்க வேண்டும். சுந்தரலிங்கம் அவர்களைத் தேர்ந்தெடுத்த ஊர் என்ற உரிமை நமக்குண்டு; அந்த உரிமையோடு வந்த கடனும் நம்முடையதே.