வணிகர் ஏடும் வாடிக்கையாளர் உரிமையும்



மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்த குடும்பங்களுக்குப் பற்றுவரவு என்பது புதிய சொல் அன்று. அக்கணக்கிற்கு இரண்டு ஏடுகள் இருந்தன. ஒன்று கடையில் இருக்கும் பேரேடு. மற்றொன்று வாங்குவோர் வீட்டில் இருக்கும் சிறு நோட்டு. பேரேட்டில் ஏறியது நோட்டிலும் ஏற வேண்டும். பிசகு நேர்ந்தால் இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வர். இன்றைய நிறுவனங்களிடமும் பேரேடு இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரிடம் நோட்டு இல்லை. பருப்பும் எண்ணெயும் மட்டுமே ஏறிய இடத்தில் இப்பொழுது வாங்குவோரின் வயது, இருப்பிடம், நோய், நட்பு, விருப்பு, வெறுப்பு அனைத்தும் ஏறுகின்றன. நுகர்வோரின் தகவல் உரிமை பற்றிய சிக்கல்களிற் பெரும்பகுதி இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே தோன்றுகிறது எனலாம்.

இந்த ஏட்டின் வரலாறு கணிப்பொறிக்கு முற்பட்டது. 1899ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உல்ஃபோர்டு உடன்பிறப்பாளர் இருவர் ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அவருள் ஒருவர் மளிகை வணிகம் செய்தவர் என்பது இவண் கருதத்தக்கது. எந்த வாடிக்கையாளர் கடனை ஒழுங்காகத் திருப்புவார், எவர் திருப்பமாட்டார் என்று வணிகர்க்கு அறிவிப்பதே அந்நிறுவனத்தின் தொழில். நாளடைவில் காப்பீட்டு நிறுவனங்களும் வேலை தருவோரும் அதன் அறிக்கைகளை விலை கொடுத்து வாங்கலாயினர். அறிக்கை தொகுப்போர் அண்டை வீட்டாரை அணுகி, இன்னார் குடிப்பவரா, இல்லறம் எப்படி நடக்கிறது என்றெல்லாம் கேட்டு எழுதினர். எழுதப்பட்டவர் அதைப் பார்க்க இயலாது. காப்பீடு மறுக்கப்படும், வேலை கைநழுவிப் போகும், காரணம் மட்டும் தெரியாது.

தமிழ் மாணவர்க்கு இந்நிலை விளங்காத ஒன்றன்று. கோவலன் கொலையுண்டது பொற்கொல்லன் ஒருவன் சொல்லை அரசன் ஆராயாமல் ஏற்றதனால் அன்றோ? தன்மீது சாற்றப்பட்டது என்ன என்பதை அறிந்து மறுமொழி கூறும் வாய்ப்பு அவனுக்கு வழங்கப்படவில்லை. சிலம்பை உடைத்துக் கண்ணகி மெய்ப்பித்தாள். ஆயினும் அத்திருத்தம் காலங்கடந்து வந்தது.

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நேரிய கடன் அறிக்கைச் சட்டம், தம்மைப் பற்றிய கோப்பில் உள்ளதை அறியவும் தவறானதை மறுத்துரைக்கவும் மக்களுக்கு உரிமை தந்தது. 1975இல் அந்த அட்லாண்டா நிறுவனம் ஈக்விஃபாக்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2017இல் அதன் கணிப்பொறிகளிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் விவரங்கள் களவு போயின. அவருட் பலர் அந்நிறுவனத்திடம் தாமாகச் சென்று எதையும் வாங்கியவர் அல்லர். வாடிக்கையாளர் ஆகாமலே அதன் ஏட்டில் இடம்பெற்றவர்கள்.

நோட்டைக் கேட்டு வாங்கியவர் ஒருவர் உண்டு. ஆஸ்திரிய நாட்டுச் சட்ட மாணவர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் 2011ஆம் ஆண்டில், தம்மைப் பற்றி ஃபேஸ்புக் வைத்திருக்கும் தகவல் அனைத்தையும் தருமாறு அதன் அயர்லாந்துக் கிளையிடம் விண்ணப்பித்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1995ஆம் ஆண்டு நெறிமுறை அவ்வுரிமையை ஏற்கெனவே தந்திருந்தது. ஏட்டளவில் கிடந்த உரிமையை அவர் எடுத்துப் பயன்படுத்தினார், அவ்வளவே. விடையாக ஒரு குறுவட்டு வந்தது. அதிலிருந்த பக்கங்கள் 1,222. மூன்றாண்டு கால நட்புரையாடலுக்கு இத்துணைப் பக்கங்களா என்பது முதல் வியப்பு. அடுத்தது அதனினும் பெரிது. அவர் அழித்துவிட்டதாக நம்பியிருந்த செய்திகளும் அப்பக்கங்களில் இருந்தன. அவற்றின் அருகே 'அழிக்கப்பட்டது' என்னும் குறிப்பு மட்டும் சேர்ந்திருந்தது! மளிகைக் கடைக்காரர் ஒருவர் கணக்கைக் கோடிட்டு அடித்தால் அடித்ததுதான். இங்கோ கோடும் ஒரு தகவலாகி ஏட்டில் ஏறியது.

இத்தனைக்கும் அந்தத் தொகுப்பு முழுமையானதன்று என்பது ஷ்ரெம்ஸின் வாதம். அவ்வாண்டிலேயே அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் 22 முறையீடுகளை அளித்தார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில், ஐரோப்பியர் தகவலை அமெரிக்காவுக்கு அனுப்ப வழிசெய்த உடன்பாடு செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதன் இடத்தில் வந்த மற்றோர் உடன்பாடும் 2020 ஜூலையில் வீழ்ந்தது.

2018 மே 25 முதல் ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இவ்வுரிமையை வலுப்படுத்தியது. கேட்பவருக்குத் தகவலின் படியையே தர வேண்டும். பொதுவாக ஒரு மாதத்திற்குள் தர வேண்டும். கடுமையான மீறலுக்கு உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 4 விழுக்காடு வரை தண்டம் உண்டு. 2023இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு அயர்லாந்து ஆணையம் 120 கோடி யூரோ தண்டம் விதித்தது இவ்வொழுங்குமுறையின் கீழ்தான்.

இனி இந்தியாவைக் காண்போம். ஒரு துறையில் மட்டும் நோட்டு நம்மவர் கைக்கு முன்னரே வந்துவிட்டது. கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. 2017 முதல் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். பிழையைச் சுட்டிக்காட்டியும் 30 நாளில் தீர்வு கிட்டாவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி ஆணை 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொகை சிறிது, ஆனால் அது பாதிக்கப்பட்டவர் கைக்கே செல்கிறது என்பதை மறத்தலாகாது.

ஏனைய வணிகங்களில் நிலை வேறு. துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பணம் செலுத்துமிடத்தில் கைப்பேசி எண் கேட்கப்படுகிறது. எண் தராமல் இரசீது போட இயலாது என்று கூறும் கடைகளும் உண்டு. அவ்வாறு வற்புறுத்தலாகாது என்று மைய அரசின் நுகர்வோர் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்த நேர்ந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமித்துக் கூறி ஆறாண்டு கழிந்த பின்னரே எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பிறந்தது.

இச்சட்டம் தனிநபரைக் குறிக்குமிடமெல்லாம் ஆங்கிலத்தில் பெண்பாற் சுட்டையே ஆள்கிறது. ஆண்பாலையே பொதுப்பாலாகக் கொண்டு வந்த சட்ட நடையில் இது வரவேற்கத்தக்க மாற்றம். 'அவர்' என்ற ஒரு சொல்லால் இருபாலையும் அடக்கிவிடும் தமிழுக்கு இவ்வல்லல் இல்லை.

இலக்கணத்தில் தாராளம் காட்டிய சட்டம் உரிமையில் அத்துணைத் தாராளம் காட்டவில்லை. திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை உண்டு. முறையிடும் உரிமை உண்டு. இறப்புக்குப்பின் தம் உரிமையைச் செலுத்த ஒருவரை நியமிக்கும் வழியும் உண்டு. ஆனால் தம்மைப் பற்றிய தகவலைக் கேட்பவருக்குச் சட்டம் தரச்சொல்வது தகவலின் 'சுருக்கம்' மட்டுமே. ஷ்ரெம்ஸுக்குச் சுருக்கம் தந்திருந்தால், அழித்த செய்தி அழியாமல் கிடந்தது வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே. மூலத்தைப் படிக்காமல் பதவுரையை மட்டும் படித்துத் தேர்வெழுதும் மாணவரின் நிலைதான் இது.

தண்டம் 250 கோடி ரூபாய் வரை விதிக்கலாம். அத்தொகை இந்தியத் தொகுநிதிக்குச் செல்லும். தகவலைப் பறிகொடுத்தவருக்கு அதில் பங்கில்லை. கவனக்குறைவால் கேடு நேர்ந்தால் இழப்பீடு பெற வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. மாறாக, பொய்யான அல்லது அற்பமான முறையீடு செய்பவருக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. சுருக்கத்தை மட்டும் பெற்றவர் தம் முறையீடு அற்பமானதன்று என்பதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்?

இலக்கிய வட்டத்தார் தனித்துக் கருத வேண்டிய கூறு ஒன்றும் அதே சட்டத்தில் உள்ளது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நிறுவனம் தந்தாக வேண்டும். நடை தெளிவாகவும் எளிதாகவும் இருக்க வேண்டும். அவற்றுள் தமிழும் ஒன்று. வங்கிப் படிவங்களிலும் காப்பீட்டுப் பத்திரங்களிலும் வழங்கும் தமிழைப் படித்தோர்க்கு, இவ்வேற்பாடு எவ்வாறு பாழாகக் கூடும் என்று விளக்க வேண்டியதில்லை. 'செயலாக்கம்', 'பொறுப்பாளர்', 'முதல்வர்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து அடுக்கிய அறிவிப்பில், மருந்துக்கடையில் எண் தரும் மூதாட்டி எதற்கு இசைகிறார் என்பது அவருக்கே தெரியாது. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இக்கடமைகள் பதினெட்டுத் திங்களில், அதாவது 2027 மே மாதத்தில், நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். அவ்வறிவிப்புகளின் தமிழை மொழிபெயர்ப்பு எந்திரம் எழுதுமா, தமிழறிந்தார் எழுதுவரா என்பதை நிறுவனங்கள் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.